மச்சினனின் நகமும் ஒரு பழைய மாத்திரையும்

முதலிலேயே ஒரு டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, டெபிட் கிரெடிட் தவிர உருப்படியாக வேறெதுவும் தெரியாமல் நாற்பதைத் தாண்டிய ஆசாமி. இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாக மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். சரியா?

இப்போது எழுதக் காரணம், போன மாதம் தமிழ்ச் சங்கத்தில் பார்த்த ஒரு அம்மா. "எங்க பையனுக்கு வயித்துல டிபின்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காங்க சார். ரெண்டு மாசமாச்சு, எடை இறங்கிக்கிட்டே போவுது" என்றார். எனக்குச் சட்டென்று 2012 ஞாபகம் வந்தது. அன்றைக்கு நின்றபடியே அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

அப்போது எங்களுக்கு நாக்பூர் வாசம். தங்கமணியின் தம்பிக்கு வயது 26. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். மாதத்தில் பாதி நாள் காட்டுக்குள் தகர ஷெட்டில் தூக்கம். குடிக்க டேங்கர் தண்ணீர். லீவு கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்து அக்கா கையால் ரசம் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

2012 ஹோலி சமயத்தில் வந்தவனைக் கதவைத் திறந்து பார்த்தேன். சட்டை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி தொங்கியது. "என்னவே இப்படி ஆயிட்டே?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தான், அப்பப்போ வயித்தால போவுது, அவ்வளவுதான்" என்றான். அந்த 'அப்பப்போ' எட்டு மாதமாக நடக்கிறது என்பது அவன் அக்கா குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. முறுக்கிப் பிடிக்கிற மாதிரி வலி. 62 கிலோ இருந்தவன் 51.

வடக்கே வாழும் நம் மக்களுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே காரணம்தான், உங்களுக்கே தெரியும். சப்பாத்தி! ஊரிலிருந்து அத்தை போனில் தினமும் இதையே சொன்னார். "மாப்ள, கோதுமை அவனுக்குச் சூடு. புழுங்கலரிசி வடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க." வேடிக்கை என்னவென்றால் அத்தை சொன்னது முழுக்கத் தப்பில்லை. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் கெட்டுப்போகும் சீலியாக் என்று ஒரு நோய் நிஜமாகவே இருக்கிறது. வட இந்தியாவில் நிறையவே உண்டு. பின்னால் டாக்டர்களும் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இவனுக்கு அது இல்லை.

முதல் டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் வயிற்றுப் புண் என்றார். மூன்றாவது இடம் கொஞ்சம் பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். வாய் வழியாக டியூப் விட்டு எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். சிறுகுடலின் ஆரம்பத்தில் இரண்டு துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். 'நாள்பட்ட அழற்சி, குறிப்பாக எதுவும் சொல்வதற்கில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. சிடி ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருக்கிறது, பக்கத்தில் நெறிகட்டிகள் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றன என்று இருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்து, வயிற்று டிபி என்று முடிவு கட்டி மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த டாக்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம் நாட்டில் குடல் டிபி ஏராளம். காய்ச்சல், எடை குறைவு, குடல் தடிப்பு, நெறிகட்டி எல்லாம் அதிலும் வரும். குடலில் வரும் லிம்போமா என்கிற புற்றுநோயிலும் அதே வரும். க்ரோன்ஸ் என்று இன்னொன்று, அதிலும் அதே. சந்தேகப்பட்டது தப்பில்லை. எந்தச் சான்றும் கையில் இல்லாமல் மாத்திரை கொடுத்தால், எத்தனை நாளில் சரியாகவில்லை என்றால் மறுபடி யோசிப்போம் என்று ஒரு தேதி குறித்துக்கொள்ள வேண்டாமா? அதுதான் என் வருத்தம். பேங்கில் எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத பணத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவைப்போம். ஆனால் அங்கேயே கிடந்தால் ஆடிட்டர் கழுத்தைப் பிடிப்பார். 'குறிப்பாக எதுவும் சொல்வதற்கில்லை' என்கிற ரிப்போர்ட்டும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். அதைத் தீர்க்க யாருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து.

மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. வாந்தி. இரண்டு மாதத்தில் எடை 44. கணுக்காலில் வீக்கம், அழுத்தினால் குழி விழும். அத்தை ரயில் ஏறி வந்துவிட்டார். ராத்திரி பாத்ரூம் விளக்கு எரியும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் விழித்துக்கொண்டு, மூன்று பேரும் தூங்குவது போல் படுத்திருப்போம்.

திருப்பம் எங்கள் கிளைக்கு பென்ஷன் வாங்க வரும் ஒரு பெரியவரால் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மராட்டிய டாக்டர். லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்க வந்தவரிடம், கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சாயங்காலம் கூட்டி வா" என்றார்.

அவர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்த்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டிவைக்கச் சொன்னார். என்னையும் செய்யச் சொன்னார். நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். நகங்களின் அடியில் டைமண்ட் வடிவத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். எனக்குத் தெரிந்தது, மச்சினனுக்கு இல்லை. அவன் விரல் நுனிகள் தீக்குச்சி மருந்து மாதிரி உருண்டு, நகம் கிளி மூக்கு போல் வளைந்திருந்தது. ஒரே வீட்டில் இருந்து தினமும் பார்க்கிறோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை! லியோ ஷாம்ராத் என்கிற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர், தனக்கே நோய் வந்து தன் விரல்களைக் கவனித்தபோது கண்டுகொண்டு 1976ல் எழுதிய சோதனையாம் இது.

நாள்பட்ட வயிற்றுப்போக்கு, சின்ன வயது, நகம் இப்படி, டிபி மாத்திரைக்கு மசியவில்லை. "இது சிறுகுடல் லிம்போமாவாக இருக்கலாம், ரொம்ப அபூர்வம், ஆனால் தேடித்தான் ஆகவேண்டும்" என்று சொல்லி மும்பையில் தன் பழைய மாணவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை. பழைய எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து பிளாக்காக வைத்திருப்பார்கள், அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போ என்றார். இது தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் பேப்பரை விட அந்த பிளாக்குதான் சொத்து.

விதர்பா எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க அவன் டாய்லெட் பக்கத்து பெர்த்தில்தான் இருந்தான். டிடிஆரிடம் கெஞ்சி வாங்கியது.

மும்பை டாக்டர் பொறுமைசாலி. நான் பேங்க்காரன் என்றதும் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். வாய் வழியாக விடும் சாதாரண ஸ்கோப் வயிற்றைத் தாண்டி சிறுகுடலின் முதல் வளைவு வரைக்கும்தான் போகும். கீழிருந்து விடும் கொலனாஸ்கோப் பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டு சிறுகுடலின் கடைசியில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நடுவில் சுமார் ஆறு மீட்டர் குடல் ரொம்ப காலம் யாருக்கும் தெரியாமலே கிடந்தது. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் பார்ப்பார்கள். ஜப்பானில் யமமோட்டோ என்பவர் 2001ல் இரட்டை பலூன் எண்டோஸ்கோப்பி முறையை வெளியிட்டார். ஒரு பலூனை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு ஸ்கோப்பை முன்னே தள்ளுவது, அடுத்த பலூனால் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் குடலைச் சட்டைக் கையைச் சுருக்குவது போல ஸ்கோப்பின் மேல் சுருக்கிவிடுவது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே.

"கேமராவை மாத்திரை மாதிரி முழுங்குவாங்களே, அது பண்ணலாமா?" என்று என் அறிவைக் காட்டினேன். அதுவும் 2001 வாக்கில் வந்ததுதான், எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் படம் எடுக்கும் என்றார். ஆனால் படம்தான் எடுக்கும், சதை எடுக்காது. குடல் எங்கேயாவது குறுகியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க ஆபரேஷன். இவனுக்கு வேண்டாம்.

அடுத்தது சாம்பிள் விஷயம். இரண்டு வவுச்சரைப் பார்த்துவிட்டு ஒரு கிளையே சுத்தம் என்று எழுதினால் அந்த ஆடிட்டரை என்ன சொல்வோம்? ஸ்கோப்பின் நுனி எடுக்கும் சதை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அதுவும் குடலின் மேல்தோல். சில லிம்போமாக்கள் மேல்தோலுக்குக் கீழே பதுங்கியிருக்கும். சிலது ஓரிடத்தில் சாதுவாகவும் இன்னோரிடத்தில் மூர்க்கமாகவும் இருக்கும். அதனால் பல இடங்களில், ஒரே இடத்தில் கொஞ்சம் ஆழமாகவும் எடுக்க வேண்டும். யாரோ நண்பர் 'ஸ்டீராய்டு கொடுத்தா வயித்துப்போக்கு நிக்குமே' என்று சொன்னதை டாக்டரிடம் கேட்டேன். அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான். சதை எடுக்கும் முன் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, கண்டுபிடிக்க முடியாமல் போய்விடுமாம்.

மயக்கம் கொடுத்து ஒன்றரை மணி நேரம். வெளியே அத்தை கந்த சஷ்டி கவசத்தை முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார். முதலில் யாரோ ஒருவரின் நல்ல குடல். ரோஜா நிறத்தில் மெல்லிய மடிப்புகள், காற்று செலுத்தினால் விரிந்து கொடுக்கும். அடுத்து மச்சினனுடையது. மடிப்புகள் தடித்து, விறைத்து, நடுநடுவே அரிசி அளவில் முடிச்சுகள். காற்று செலுத்தியும் மடிப்பு அசையவில்லை. 1986ல் துனிசியாவும் பிரான்ஸும் சேர்ந்த ஒரு மருத்துவக் குழு இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஸ்கோப் விட்டுப் பார்த்து, ஊடுருவல், முடிச்சு, புண், மொசைக் போன்ற வெடிப்பு, வெறும் மடிப்புத் தடிப்பு என்று ஐந்து தோற்றங்களாகப் பிரித்து எழுதியிருக்கிறதாம். அதில் அதிகம் நம்பத்தக்கது அந்த ஊடுருவல் தோற்றம்தான். இவனுக்கு அது இருந்தது.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு முகம் உண்டு என்றார். மேன்டில் செல் லிம்போமா என்றால் குடல் நெடுக எண்ணற்ற சின்னச் சின்ன பாலிப். ஃபாலிக்குலர் என்றால் சிறுகுடல் தொடக்கத்தில் வெள்ளை ரவையைத் தூவிய மாதிரி. சீலியாக்கை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களில் சிலருக்கு வரும் டி செல் வகை என்றால் புண்ணும் குடல் குறுகலும். "முகத்தைப் பார்த்து சந்தேகப்படலாம், தீர்ப்பு மைக்ராஸ்கோப்புக்குத்தான்" என்று முடித்தார். பன்னிரண்டு துண்டு எடுத்திருந்தார்.

ரிப்போர்ட் வர ஒன்பது நாள். பிளாஸ்மா செல்கள் குடலின் மேல்தோலில் ஈ மொய்ப்பது போல மொய்த்திருக்கின்றன என்று தெரிந்ததும் அவற்றுக்குத் தனித்தனியே சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். பிளாஸ்மா செல்லின் வேலை ஆன்டிபாடி செய்வது. ஆன்டிபாடி என்றால் கனமான சங்கிலியும் லேசான சங்கிலியும் சேர்ந்தது. இவனுடைய செல்கள் ஆல்ஃபா என்னும் கனச் சங்கிலியை மட்டும், அதையும் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தன. லேசான சங்கிலி சுத்தமாக இல்லை. ஒரு பக்க என்ட்ரி மட்டும் போட்டுவிட்டு மறுபக்கம் போடாத புத்தகம். பேலன்ஸ் ஆகுமா? நாக்பூரிலிருந்து கொண்டுபோன பழைய பிளாக்கிலும் அதே இருந்ததாம்! சாயம் ஏற்றிப் பார்க்கத்தான் ஆளில்லை.

நோயின் பெயர் ஐபிஎஸ்ஐடி. 1968ல் பாரிஸில் செலிக்மன் குழு இந்த ஆல்ஃபா சங்கிலியை அடையாளம் கண்டது. முதலில் மத்தியதரைக் கடல் லிம்போமா என்றுதான் அழைத்தார்கள், அந்தக் கரையோர நாடுகளில் அதிகம் பார்த்ததால். 1976ல் உலக சுகாதார நிறுவனம் இப்போதைய பெயரை வைத்தது. சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடங்களில் வளரும் சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். இந்தியாவிலும் உண்டு. குடலுக்குள் கிருமி ஓயாமல் சீண்டிக்கொண்டே இருக்க, அதை எதிர்க்க வந்த செல்களே பெருகிப் பெருகிக் கட்டுப்பாட்டை மீறிவிடுகின்றன. அந்தக் கிருமிகளில் ஒன்று கேம்பிலோபேக்டர் ஜெஜுனி என்று 2004ல் லெக்யூட் என்பவரின் குழு எழுதியது.

டாக்டர் 'கேன்சர்' என்ற சொல்லைச் சொன்னபோது நான் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆரம்ப நிலை, மேல்தோலையும் பக்கத்து நெறிகட்டிகளையும் தாண்டவில்லை என்றார். கீமோ எத்தனை சைக்கிள், எவ்வளவு ஆகும் என்றேன். தலைக்குள் பி.எஃப். லோன் கணக்கு ஓடுகிறது. பேங்க் மெடிக்கல் ஸ்கீமில் மச்சினன் டிபெண்டன்ட் ஆகமாட்டானே.

"இப்போதைக்கு கீமோ இல்லை. டெட்ராசைக்ளின்."

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். எங்கள் ஊர் கம்பவுண்டர் எல்லாவற்றுக்கும் கொடுப்பாரே, அந்த டெட்ராசைக்ளினா? அதேதான். சீண்டுகிற கிருமியை ஒழித்தால், ஆரம்ப நிலையில் இந்தப் புற்றுநோயே கணிசமான பேருக்கு அடங்கிப்போகும். வயிற்றில் ஹெச். பைலோரி கிருமியால் வரும் ஒருவகை லிம்போமாவும் ஆன்டிபயாட்டிக்கில் அடங்கும் என்று 1993ல் லண்டனில் காட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் பார்ப்போம், அடங்கவில்லை என்றால் கீமோ, முற்றிய நிலையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றார். டிபி மாத்திரையை முழுசாக முடித்துவிட்டு வரலாம் என்று இன்னும் ஆறேழு மாதம் ஓட்டியிருந்தால்? அந்தக் கணக்கை நான் போடுவதில்லை.

அத்தையிடம் கேன்சர் என்று சொல்லவில்லை. "குடல்ல ஒரு கிருமி அத்தை, மாத்திரையில சரியாயிடும்" என்றேன். பொய்யும் இல்லை பாருங்கள்.

இனிமேல்தான் வீட்டில் யுத்தம். பாலும் தயிரும் இரும்புச் சத்து மாத்திரையும் டெட்ராசைக்ளினோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் அல்லது இரண்டு மணி பின்னால்தான் போட வேண்டும், நாளைக்கு நாலு வேளை. தயிர்சாதம் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி என்று வளர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த டைம்டேபிளை ஆறு மாதம் நடத்திப் பாருங்கள், தெரியும். தங்கமணி ஃப்ரிட்ஜ் கதவில் தயிருக்கு ஆபீஸ் நேரம் எழுதி ஒட்டினாள். போதாததற்கு இந்த மாத்திரை சாப்பிட்டால் வெயிலில் தோல் கருகும். நாக்பூர் வெயில் பற்றித் தனியே சொல்ல வேண்டாம். கான்ட்ராக்டர் வேலை போயிற்று. மருந்துக்கடையில் மாதாமாதம் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் காலையில் அவன் பாத்ரூமிலிருந்து வந்து, "அத்தான், இன்னிக்கு ஒரு தடவைதான்" என்றான். வேறெந்த வீட்டிலும் இந்தச் செய்திக்குக் கேசரி கிண்டியிருக்க மாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அதே ஸ்கோப், மறுபடி பத்துப் பன்னிரண்டு துண்டு. மடிப்புகள் மெலிந்திருந்தன, செல்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. மாத்திரையை நீட்டித்தார்கள். 2014 தொடக்கத்தில் எடுத்த சாம்பிளில் எதுவும் இல்லை. எடை 58. அன்றைக்குத்தான் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அந்த ஃபைலப் பேத்திகிட்ட வாசிக்கச் சொல்லி அப்பவே கேட்டுட்டேன் மாப்ள. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

பேத்திக்கு அப்போது ஏழு வயது. எதை எப்படி வாசித்தாளோ, இன்று வரை நான் கேட்கவில்லை.

திரும்பி வரக்கூடிய நோய் என்பதால் அவனுக்கு வருடாவருடம் ஸ்கோப் உண்டு. இப்போது கோவையில் வேலை, கல்யாணமாகி ஒரு பையன். வீடியோ கால் போட்டால் அத்தை முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. அவன் ஒன்றும் பேசாமல் இரண்டு ஆள்காட்டி விரலையும் நகத்தோடு நகம் சேர்த்து கேமரா முன்னால் நீட்ட வேண்டும். அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனைக் கிட்டத்தில் பிடித்து, "கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுலே" என்பார்.

தமிழ்ச் சங்கத்து அம்மாவுக்குப் பழைய பிளாக்கைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். பையனின் நகத்தை இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.